பிழையும் விழுக்காடும்: இந்தியப் பெருமுக்கோண அளவீடு காட்டும் பொருள் வேறுபாடுகள்

அளவீட்டில் நேரும் பிழையை விழுக்காட்டில் கூறும் முறையைப் பள்ளி மாணவர் அனைவரும் அறிவர். அளந்து பெற்ற மதிப்பிற்கும் ஏற்கப்பட்ட மதிப்பிற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு, அதனை ஏற்கப்பட்ட மதிப்பால் வகுத்து, நூற்றால் பெருக்கினால் வருவது பிழை விழுக்காடு. 200 செ.மீ. நீளமுள்ள பலகையை ஒருவர் 199 செ.மீ. என அளந்தால் பிழை 1 செ.மீ.; விழுக்காட்டில் 0.5. கணக்கு இவ்வளவே. எனினும் இவ்வாய்பாட்டைத் தமிழில் எழுதும்போது மொழிபெயர்ப்பாளர் இரண்டு இடங்களில் தயங்க வேண்டியுள்ளது. ஒன்று, 'பிழை' என்னும் சொல். மற்றொன்று, வகுக்கும் எண்ணாகிய 'ஏற்கப்பட்ட மதிப்பு'. முன்னது யாரோ ஒருவர் குற்றம் செய்தார் என்ற எண்ணத்தை எழுப்புகிறது. பின்னது அளக்கும் முன்னரே உண்மை தெரிந்துவிட்டது என்ற எண்ணத்தைத் தருகிறது. வரலாற்றில் இவ்விரு எண்ணங்களும் பொய்த்த இடம் ஒன்று உண்டு. 1802-இல் சென்னைக்கு அருகில் தொடங்கி, இந்தியாவின் நெடுக்கையும் குறுக்கையும் அளந்த பெருமுக்கோண அளவீடே அது. அவ்வளவீட்டின் சில எண்களைக் கொண்டு இக்கலைச்சொற்களின் பொருளெல்லையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிழை, தவறு, வழு

தமிழில் 'பிழை' என்னும் சொல் தொடக்கத்திலேயே குற்றத்தைக் குறித்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. பிழைத்தல் என்னும் வினை பழைய வழக்கில் இலக்குத் தவறுதலையும் குறிக்கும். திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் (772) யானையை நோக்கி எறியப்பட்டுக் குறி தவறிய வேலைச் சொல்லுமிடத்தில் இவ்வினையே ஆளப்பட்டுள்ளது. அங்கே அது இழிவுப் பொருளிலும் வரவில்லை. முயலைத் தைத்த அம்பினும் யானையைத் தவறிய வேல் மேலானதாகக் கூறப்படுகிறது. இதே வினை 'உயிர் பிழைத்தல்' என்ற வழக்கில் தப்பி வாழ்தலைக் குறிக்கிறது. 'பிழைப்பு' என்ற பெயர் வாழ்க்கைத் தொழிலைக் குறிக்கிறது. இப்பொருள்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றினும் நிகழ்ச்சி ஒன்றே. எறிந்தவன் பக்கம் நின்று நோக்கினால் வேல் பிழைத்தது. விலங்கின் பக்கம் நின்று நோக்கினால் யானை பிழைத்தது. 'தப்பு' என்னும் சொல்லும் இவ்வாறே குற்றத்தையும் தப்பித்தலையும் ஒருங்கே உணர்த்துகிறது. தெலுங்கிலும் இச்சொல்லுக்கு இவ்விரு பொருளும் உண்டு. 'தவறு' என்பதும் வழுக்குதல், குறி விலகுதல் ஆகிய பொருள்களைத் தன்னுள் கொண்டது.

காலப்போக்கில் பிழை என்பதன் மேல் அறவியற் பொருள் படிந்தது. பிழை பொறுத்தல், பிழை செய்தல் என்ற தொடர்களில் இறைவன் முன்னரோ அரசன் முன்னரோ ஒருவன் செய்த குற்றமே கருதப்படுகிறது. மலையாளத்தில் 'பிழ' என்பது குற்றத்திற்குச் செலுத்தும் தண்டத்தொகையையே குறிக்கும் அளவிற்குச் சென்றுள்ளது. ஆகவே 'அளவீட்டுப் பிழை' என்ற தொடரைப் படிக்கும் தமிழர், அளந்தவர் கவனக்குறைவாக இருந்தார் என்று கொள்வது இயல்பு. அவ்வாறு கொள்வதற்கு மொழியே இடந்தருகிறது.

ஐரோப்பிய மொழிகளின் நிலையும் இதனின் வேறன்று. ஆங்கிலத்தில் வழங்கும் 'எரர்' என்பது அலைந்து திரிதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. செருமானியத்தின் 'ஃபேலர்' என்பதற்குக் குறையுதல், தவறிப்போதல் என்ற பொருட்சாயல் உண்டு. 1805-இல் லெழாந்தர் சிறும வர்க்க முறையை வெளியிட்டபோதும், 1809-இல் காசு அதனை விரித்து நிறுவியபோதும், இச்சொல் குற்றப்பொருளை இழந்து ஓர் எண்ணின் பெயராயிற்று. லெழாந்தர் தம் முறைக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டது பிரான்சு நாட்டு நிலநெடுவரையின் அளவீட்டையே என்பது கருதத்தக்கது. பிழையைக் கணிக்கும் கலை நிலத்தை அளக்கும் களத்திலும் வானை நோக்கும் கூடத்திலும் வளர்ந்த ஒன்று.

மொழியியலாருக்கு இவ்வேறுபாடு புதிதன்று. 1967-இல் பிட் கார்டர் மொழி கற்போரின் பிழைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், ஒழுங்குடன் திரும்பத் திரும்ப வருவனவற்றையும் நாத்தடுமாற்றம் போலத் தற்செயலாக நேர்வனவற்றையும் வேறு பிரித்தார். முன்னவை கற்பவரின் உள்ளத்தில் உருவாகிவரும் இலக்கணத்தைக் காட்டுவன. பின்னவை எதனையும் காட்டாதன. தமிழ் இலக்கண மரபோ இன்னும் ஒரு படி முன்னரே சென்றது. வழாநிலை, வழு என்ற இரண்டோடு நில்லாமல் வழுவமைதி என்ற மூன்றாம் நிலையையும் அது வகுத்தது. நெறியிலிருந்து விலகியதாயினும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளத்தக்கது வழுவமைதி. அளவியலார் 'இவ்வளவு வேறுபாடு வரை ஏற்கலாம்' என்று எல்லை வகுக்கும் செயலுக்கு இதனினும் நெருங்கிய கருத்து நம் இலக்கணத்தில் இல்லை. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் இதனைப் போதிய அளவு பயன்கொள்ளாமை வியப்பிற்குரியது.

பரங்கிமலை அடிக்கோடு

1802 ஏப்பிரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். முக்கோண அளவீட்டில் ஒரே ஒரு பக்கத்தைத் தரையில் நேரடியாக அளந்துவிட்டால் ஏனைய பக்கங்களைக் கோணங்களைக் கொண்டே கணித்துவிடலாம். எனவே அந்த ஒரு பக்கத்தில் நேரும் பிழை, அதன்மேல் எழும் எல்லா முக்கோணங்களுக்கும் அதே விழுக்காட்டில் சென்று சேரும். அடிக்கோடு 0.01 விழுக்காடு குறைந்தால் நாடே 0.01 விழுக்காடு குறையும். பிழையை அடியிலோ அங்குலத்திலோ கூறாமல் விகிதத்தில் கூறுவதன் பயன் இவ்விடத்தில் தெளிவாகிறது. அங்குலக் கணக்கு முக்கோணத்திற்கு முக்கோணம் மாறும். விகிதம் மாறாமல் தொடரும்.

அளப்பதற்குப் பயன்பட்டது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டு செல்லப்பட்டு, அங்கு ஏற்கப்படாமல் இந்தியா வந்து சேர்ந்த கருவிகளுள் அதுவும் ஒன்று. அதனை நானூறு முறை அடுத்தடுத்து நீட்டி அளந்த பின் கிடைத்த நீளம் 40,006 அடிக்குச் சற்று மேல். அதாவது ஏழரை மைலுக்குச் சிறிது கூடுதல்.

சென்னையின் கோடையில் எஃகு விரிகிறது. ஒரு பாரன்ஃகீட்டுப் பாகை வெப்பத்திற்கு எஃகு தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 6.4 பங்கு நீளும். வெப்பநிலையைப் பத்துப் பாகை தவறாகக் கொண்டால் அடிக்கோடு முழுவதற்கும் சேரும் வேறுபாடு இரண்டரை அடி. விழுக்காட்டில் இது 0.0064. சிறிய எண்ணாகவே தோன்றும். ஆயினும் குமரிமுனை முதல் இமயம் வரை ஏறத்தாழ 1,600 மைல் நீளும் வில்லில் இதே விகிதம் தொடர்ந்தால் ஒரு மைலில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஐந்நூறு அடிக்கு மேல், இடம் பெயரும். இதனாலேயே சங்கிலியை வெயில் படாமல் காத்து, வெப்பமானிகளை அருகில் வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துத் திருத்தம் செய்தனர்.

இங்கு மாணவரும், சில வேளைகளில் மொழிபெயர்ப்பாளரும், தலைகீழாக எழுதும் இடம் ஒன்றுண்டு. சங்கிலி நீண்டால் அளவு குறைகிறது. நீண்ட சங்கிலி குறைந்த முறையே நீட்டப்படும். ஆகவே எண்ணிக்கை மெய்ந்நீளத்தினும் குறைவாக வரும். பள்ளி வாய்பாடு வேறுபாட்டின் குறியை நீக்கிவிட்டு அதன் பருமையை மட்டும் கொள்வதால் இத்திசை மறைந்துபோகிறது. கூடியதோ குறைந்ததோ என்று சொல்லாத விழுக்காடு, காரணத்தைத் தேடுவோர்க்குப் பாதிச் செய்தியே.

இவ்வகை வேறுபாட்டைப் 'பிழை' எனல் பொருந்துமா? சங்கிலியை அளந்தவர் எவரும் தவறு செய்யவில்லை. எஃகு தன் இயல்பின்படி நடந்துகொண்டது. இதற்கு மாறான நிகழ்ச்சி 1808-இல் தஞ்சையில் நேர்ந்தது. பெரிய கோவிலின் உயரத்தில் ஏற்றி நிறுத்துவதற்காக, அரை டன் எடையுள்ள பெருங்கோணமானியைக் கயிறு கட்டித் தூக்கினர். கயிறு ஒன்று அறுந்து கருவி சுவரில் மோதியது. அதன் வட்டம் நெளிந்தது. லாம்டன் தாமே பல வாரங்கள் முயன்று அதனைச் செப்பனிட்டார். அவ்வட்டத்தின் குறுக்களவு மூன்று அடி. அதன் விளிம்பில் ஒரு விகலைக் கோணம் ஓர் அங்குலத்தின் பதினாயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த இடத்தையே கொள்ளும். (ஒரு பாகை 60 கலை, ஒரு கலை 60 விகலை. வானநூலிலிருந்து நமக்குக் கிடைத்த இச்சொற்கள் இருக்க, மணிக்கணக்கின் நிமிடத்தையும் நொடியையும் கோணத்திற்கும் ஆள்வது மயக்கத்திற்கே இடந்தரும்.) தஞ்சையில் நடந்தது தவறு, பரங்கிமலையில் எஃகிற்கு நேர்ந்தது விலக்கம். பிந்தையதற்குக் கணக்கில் திருத்தம் உண்டு. முந்தையதற்கு உலையும் சுத்தியலுமே திருத்தம். இவ்விரண்டையும் 'பிழை' என ஒரே சொல்லால் பெயர்க்கும் நூல், இரண்டிற்கும் ஒரே மருந்து உண்டு என்று வாசகரை நம்பச் செய்துவிடும்.

பகிர்ந்து கொடுத்தல்

ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் தனித்தனியே அளந்து கூட்டினால் 180 பாகை வர வேண்டும். பூமியின் மேற்பரப்பு வளைந்திருப்பதால் பரப்பிற்கேற்பச் சிறிது கூடுதலும் வரும். ஏறத்தாழ 76 சதுர மைலுக்கு ஒரு விகலை. இதனையும் கழித்த பின் எஞ்சும் சிறு வேறுபாட்டை மூன்று கோணங்களுக்கும் பகிர்ந்து கொடுப்பர். பகிர்வதென்பது யார் மேலும் குறை காணாமல் எல்லார் மேலும் சிறிது சுமத்துவதாகும். கூட்டுக்குடும்பத்துக் கடனைப் போன்ற ஏற்பாடு இது என்று கூறினும் தகும். வேறுபாடு தற்செயலாய்ச் சிதறியதாக இருப்பின் இம்முறை நியாயமானது. ஒரே திசையில் இழுக்கும் காரணம் ஒன்று மறைந்திருப்பின், இம்முறை அக்காரணத்தைக் கண்ணிற்படாமல் புதைத்துவிடும்.

லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்ற சார்ச் எவரெசுட்டின் கணக்கில் இது நிகழ்ந்தது.

கலியான்பூர் முதல் கலியானா வரை

மத்தியப் பிரதேசத்தில் சிரோஞ்சுக்கு அருகே கலியான்பூர். உத்தரப் பிரதேசத்தில் முசாபர்நகருக்கு அருகே கலியானா. ஏறத்தாழ வடக்குத் தெற்காக அமைந்த இவ்விரு நிலையங்களின் அகலாங்கு வேறுபாட்டை இரு வழிகளில் கண்டனர். ஒன்று, தரையில் முக்கோணங்களை அடுக்கிக் கணித்தல். மற்றொன்று, இரு நிலையங்களிலும் விண்மீன்களை நோக்கி அகலாங்கைத் தனித்தனியே கண்டு கழித்தல். முதல் வழியில் கிடைத்தது 5 பாகை 23 கலை 42.294 விகலை. இரண்டாம் வழியில் கிடைத்தது 5 பாகை 23 கலை 37.058 விகலை. வேறுபாடு 5.236 விகலை. தரையில் இது ஏறத்தாழ 160 மீட்டர்.

இதனை விழுக்காட்டில் கூறுக என்றால் விடை எவ்வளவு? வில்லின் முழு நீளம் 19,422 விகலை, ஆகவே 0.027 விழுக்காடு. கலியானாவின் அகலாங்கை, அதாவது ஏறத்தாழ இருபத்தொன்பதரைப் பாகையை, வகுக்கும் எண்ணாகக் கொண்டால் 0.005 விழுக்காடு. வேறுபாடு மாறவில்லை; விழுக்காடு மட்டும் ஐந்தில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கிவிட்டது. எந்தச் சுழியிலிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது இது. வெப்பநிலையில் இதனை இன்னும் எளிதாகக் காணலாம். 20 பாகை செல்சியசில் ஒரு பாகை தவறினால் 5 விழுக்காடு. அதே வெப்பத்தைக் கெல்வின் அளவையில் எழுதினால் 0.34 விழுக்காடு. பனி உருகும் நிலையைச் சுழியாகக் கொண்டது வசதி கருதிய ஏற்பாடே. சுழி இயற்கையாக அமையாத அளவைகளில் பிழை விழுக்காடு என்பது பொருளற்ற எண் என்பதைப் பாடநூல்கள் வற்புறுத்திக் கூறாமை ஒரு குறை.

இருவழி அளவுகளுள் ஏற்கப்பட்ட மதிப்பு எது என்பதே அடிப்படை வினா. எவரெசுட்டு வானநோக்கையே நம்பினார். தரையளவின் நெடுந்தொடரில் சிறுசிறு பிழைகள் திரண்டிருக்கலாம் எனக் கருதி, வேறுபாட்டை முக்கோணங்களின் கணக்கில் சேர்த்துப் பகிர்ந்தார். 1847-இல் வெளிவந்த அவரது பெருநூலில் 5.236 விகலை என்பது பிழையாகவே நின்றது.

கல்கத்தாவில் தலைமைக் குருவாக இருந்த சான் என்றி பிராட்டு கேம்பிரிட்சில் கணிதம் பயின்றவர். வானநோக்கே ஐயத்திற்குரியது என்பது அவர் கருத்து. விண்மீனின் உயரத்தை அளக்கச் செங்குத்துத் திசை தெரிய வேண்டும். அதனைத் தருவது தூக்குக்குண்டு. கொத்தனார் சுவரின் நேர்மையைப் பார்க்கும் அதே குண்டும் நூலும்தான். அருகில் பெருமலை இருப்பின் குண்டு மலைப்பக்கம் சற்றே சாயும். வடக்கே இமயம் இருப்பதால் கலியானாவில் நூல் வடக்கே கூடுதலாகச் சாயும். தலைக்கு நேர் மேலுள்ள புள்ளி தெற்கே விலகும். அகலாங்கு மெய்யினும் குறைந்து தோன்றும். தெற்கே தொலைவிலுள்ள கலியான்பூரில் இவ்விளைவு குறைவு. எனவே வானநோக்கில் பெறும் வேறுபாடு தரையளவினும் சிறுத்திருக்க வேண்டும். சிறுத்தே இருந்தது. திசை பொருந்திவிட்டது.

பருமை பொருந்தவில்லை. இமயத்தின் பொருண்மையையும் அதற்கப்பாலுள்ள மேட்டுநிலத்தின் பொருண்மையையும் மதிப்பிட்டு பிராட்டு கணித்த சாய்வு கலியானாவில் 27.853 விகலை, கலியான்பூரில் 11.968 விகலை. இவற்றின் வேறுபாடு 15.885. அளவீடு தந்ததோ 5.236 மட்டுமே. மூன்றில் ஒரு பங்கு.

1855-இல் இக்கட்டுரை இலண்டனில் வெளிவந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. அதுவரை 5.236 என்பது பெரிதாக இருந்ததால் தொல்லை தந்தது. இப்போது சிறிதாக இருப்பதால் தொல்லை தந்தது. பிழையாகக் கருதி நீக்க முயன்ற எண், கணிப்பைச் சோதிக்கும் உரைகல்லாயிற்று. இதற்கும் விழுக்காடு கணித்துப் பார்க்கலாம். அளந்ததை ஏற்கப்பட்ட மதிப்பாகக் கொண்டால் பிராட்டின் கணிப்பில் பிழை 203 விழுக்காடு. கணிப்பை ஏற்கப்பட்ட மதிப்பாகக் கொண்டால் அளவீட்டில் பிழை 67 விழுக்காடு. இரண்டும் அதே இரு எண்களிலிருந்து பிறந்தவை. எது உண்மை என்று முன்னரே தீர்மானித்தவர்க்கே விழுக்காடு ஒரு விடையைத் தரும். தீர்மானிக்காதவர்க்கு இரண்டு விடைகளைத் தரும்.

விளக்கம் தந்தவர் அரச வானியலாரான சார்ச் ஏரி. அதே 1855-இல் அவர் வெளியிட்ட சில பக்கக் கட்டுரையில், நீரில் மிதக்கும் மரக்கட்டைகளை எடுத்துக்காட்டாகக் கூறினார். மேலே உயர்ந்து நிற்கும் கட்டை கீழேயும் ஆழ்ந்திருக்கும். அதுபோல மலைக்குக் கீழே எடை குறைந்த வேர் ஆழச் சென்றிருப்பின், மேலே உள்ள மலையின் ஈர்ப்பைக் கீழே உள்ள குறைவு பெரும்பாலும் ஈடுசெய்யும். பிராட்டு 1859-இல் வேறு விளக்கம் தந்தார். மலைக்குக் கீழுள்ள பொருள் அடர்த்தி குறைந்தது என்பது அது. புவியோட்டின் இச்சமநிலைக்கு 1889-இல் அமெரிக்கப் புவியியலார் டட்டன் 'ஐசோஸ்டசி' எனப் பெயரிட்டார். இமயத்தின் வேரைப் பற்றிய முதற்செய்தி 0.027 விழுக்காட்டுப் பிழையில் இருந்தது. அன்றைய கணிப்பாளர் 'ஆயிரத்தில் ஒன்றிற்கும் கீழ். விட்டுவிடலாம்' என்று முடித்திருந்தால் அதுவும் கைநழுவியிருக்கும். விழுக்காட்டின் சிறுமை ஒன்றைப் புறக்கணிக்கப் போதிய காரணமாகாது. அளவீட்டின் ஐயவரம்போடு ஒப்பிட்ட பின்னரே சிறிதா பெரிதா என்று கூற முடியும். முக்கோண அளவீடு அவ்வளவு செம்மையாக அமைந்திருந்ததாலேயே 5 விகலை பேசத் தொடங்கியது.

மொழிபெயர்ப்பில் நேரும் மயக்கம்

இந்நிகழ்ச்சியைத் தமிழில் எழுதுவோர் 5.236 விகலைக்கு எப்பெயர் இடுவது? 1847-இல் அது பிழை. 1855-இல் அது தூக்குநூலின் சாய்வு. பிற்காலப் புவியியலில் அது ஈர்ப்பு முரண். எண் அப்படியே நின்றது. பெயர் மூன்று முறை மாறியது. ஆங்கில மூலநூல்கள் இவ்விடங்களில் வெவ்வேறு சொற்களை ஆள்கின்றன. தமிழாக்கங்களிலோ, பள்ளிப் பாடநூல் முதல் களஞ்சியக் கட்டுரை வரை, இவையனைத்தும் 'பிழை' என ஒன்றாகிவிடும் போக்குக் காணப்படுகிறது. அவ்வாறு ஒன்றாக்கினால், பிழையொன்று கண்டுபிடிப்பாக மாறியது என்ற வரலாற்றையே சொல்ல முடியாமற் போகிறது.

அளவியலாரும் இம்மயக்கத்தை உணர்ந்தனர். ஐ.எஸ்.ஓ. முதலிய ஏழு பன்னாட்டு அமைப்புகளின் பெயரால் 1993-இல் வெளியான வழிகாட்டி நூல், பிழை வேறு, ஐயப்பாடு வேறு எனப் பிரித்தது. பிழை என்பது ஓர் எண். ஆனால் மெய்மதிப்பு அறியப்படாத வரை அவ்வெண்ணையும் அறிய முடியாது. ஐயப்பாடு என்பது அளவீட்டின் முடிவைச் சுற்றியுள்ள நியாயமான பரப்பு. அதனை மதிப்பிட்டுக் கூறலாம். 2008-இல் வெளியான பன்னாட்டு அளவியற் சொற்றொகுதியின் மூன்றாம் பதிப்பு, அளந்த மதிப்பிலிருந்து ஒப்புநோக்கும் மதிப்பைக் கழித்தால் வருவதே பிழை என வரையறுத்து, இதனைத் தவறு என்பதோடு குழப்பலாகாது என்றும் குறிப்புத் தந்தது. அங்கு ஆளப்படும் 'ரெஃபரன்சு' என்னும் அடைமொழியை 'மேற்கோள்' எனப் பெயர்ப்போர் உளர். அளவியலில் அது பொருந்தாது. மேற்கோள் என்றவுடன் தமிழர்க்கு நினைவில் எழுவது பிறர் கூற்று. 'ஒப்புமதிப்பு' என்பது நேரிதாகும்.

இவற்றைக் கருதின், ஒப்புமதிப்பிலிருந்து விலகிய அளவிற்குப் 'பிழை' என்பதையே நிலைநிறுத்தலாம். குறி தவறிய வேலின் பழம்பொருள் அதற்குத் துணை நிற்கிறது. அறவியற் பொருள் பின்னர் வந்து படிந்ததே. கயிறு அறுந்தது, எண்ணை மாற்றி எழுதியது போன்றவற்றிற்குத் 'தவறு' போதும். இரு அளவீடுகள் தம்முள் ஒவ்வாதபோது, எது சரி என்று தெரியாத நிலையில், 'வேறுபாடு' என்றே எழுத வேண்டும். அதற்குப் பிழை என்று பெயரிடுவது வழக்கு முடியும் முன்னரே தீர்ப்பு எழுதுவதாகும். ஏற்கத்தக்க விலக்கத்தின் எல்லைக்கு 'அமைதி' என்ற இலக்கணச் சொல்லை 'அமைதியெல்லை' என விரித்து ஆளலாம். இன்றைய வழக்கில் அமைதி என்றால் சத்தமின்மை என்ற எதிர்ப்பு எழக்கூடும். ஆயினும் இலக்கணம் கற்றோர்க்குப் பொருள் விளங்கும், மற்றோர்க்கு ஒருமுறை விளக்கினால் போதும்.

விழுக்காடா சதவீதமா என்னும் வினாவில் மேற்கண்ட அளவு இடர்ப்பாடு இல்லை. சதவீதம் என்பதில் நூறு வெளிப்படையாக உள்ளது. விழுக்காடு என்பதில் அது இல்லை, பங்கு வீதம் என்ற கருத்தே உள்ளது. பழந்தமிழர் கணக்கில் பின்னங்கள் மா, காணி, முந்திரி எனச் சென்றன. இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. நூற்றின் பங்காகக் கூறுதல் இவ்வடுக்கில் இடம்பெறவில்லை. இரு சொற்களும் இன்று நூற்றின் பங்கையே குறிக்கின்றன. ஒரு நூலில் ஒன்றை ஆளின் இறுதி வரை அதனையே ஆள வேண்டும் என்பதே வேண்டற்பாலது.

ஒப்புமதிப்பும் நிலையானதன்று என்பதற்கு இவ்வளவீடே மற்றுமொரு சான்று தருகிறது. இராதாநாத் சிக்தார் தலைமைக் கணிப்பாளராக இருந்த காலத்தில் கணிக்கப்பட்டு, 1856-இல் வெளியிடப்பட்ட எவரெசுட்டு சிகரத்தின் உயரம் 29,002 அடி, அதாவது 8,839.8 மீட்டர். (அக்காலத்தில் 'கம்ப்யூட்டர்' என்பது மனிதரின் பதவிப் பெயர், அவ்வரலாற்றை எழுதுவோர் அதனைக் கணினி எனப் பெயர்த்தால் நகைப்பிற்கு இடமாகும்.) 1955-இல் இந்திய நில அளவைத் துறை 8,848 மீட்டர் என நிறுவியது. அதனை ஒப்புமதிப்பாகக் கொண்ட வரை, பழைய அளவின் பிழை 0.093 விழுக்காடு. 2020 திசம்பரில் நேபாளமும் சீனமும் இணைந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். இதன்படி அதே 1856-ஆம் ஆண்டு அளவின் பிழை 0.102 விழுக்காடு.